சீர்ப்பெட்டி எரிந்த சீசன்

அத்தியாயம் 9

என் மகளின் சீர்ப்பெட்டியைக் கொளுத்தியது நான்தான். தீக்குச்சியை உரசியவர்கள் வேறு ஆட்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெட்டியின் ஒரு கைப்பிடியைப் பிடித்து, மூச்சிரைக்கப் படியிறக்கி, வாசலில் நின்ற வேனில் ஏற்றி, "பார்த்துப் பத்திரமா கொண்டு போங்கப்பா" என்று வேனின் முதுகைத் தட்டிக்கொடுத்து அனுப்பியவன் நானேதான்.

நேற்று ராத்திரி அதை நாடே உட்கார்ந்து பார்த்தது.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம். நான் ரிஃப்கி. இஸ்தான்புல்லில், செங்கெல்கோய் மேட்டில் இருக்கும் பழைய மரவீட்டுக்காரன். வாழ்நாள் முழுக்க டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். எங்கள் வீட்டின் மேல்மாடியில் ஆறு வருடமாக 'வடக்குச் சன்னல்' என்ற சீரியலைப் பிடிக்கிறார்கள். கீழே நான், என் மனைவி முஸெய்யன், மகள் பெர்ரின், ஒரு பூனை.

அந்தச் சீரியலில் நானும் உண்டு. முதல் சீசனில் வக்கீல் குமாஸ்தாவாக வந்து மாரடைப்பில் செத்தேன். நாலாவது சீசனில் மீசை ஒட்டிக்கொண்டு டாக்ஸிக்காரனாக வந்து சுடப்பட்டுச் செத்தேன். ஊரில் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. முஸெய்யன் மட்டும், "ரெண்டு தடவையும் ஒரே மாதிரிதான் செத்தீங்க" என்றாள்.

சீரியலின் நிர்வாகப் பொறுப்பெல்லாம் தைஃபுன் கையில். வேன், ஜெனரேட்டர், சாப்பாடு, மழை வந்தால் குடை, நடிகைக்குக் கோபம் வந்தால் சமாதானம், எல்லாம் அவன்தான். காலையில் முதல் ஆளாக எங்கள் கேட்டைத் திறந்துகொண்டு வருவான். அப்படி வந்து வந்தே எங்கள் வீட்டுப் பிள்ளையானான். இரண்டாவது சீசன் முடிந்த சாயங்காலம் அவனுக்கும் பெர்ரினுக்கும் நிச்சயம். எங்கள் வழக்கப்படி இரண்டு மோதிரத்தையும் சேர்த்துக் கட்டிய சிவப்பு ரிப்பனை டைரக்டரே வெட்டினார். கேமராக்காரர், "வெளிச்சம் போதல, இன்னொரு தடவை" என்றதால் மறுபடி கட்டி மறுபடி வெட்டினோம்.

"இந்த சீசன் முடியட்டும் மாமா, கல்யாணம்" என்றான் தைஃபுன். சீசன் முடிந்தது. அடுத்தது தொடங்கியது. அது முடிந்தால் அதற்கடுத்தது. சேனலுக்கு விளம்பரம் குறையவில்லை. என் மகளுக்கு முப்பத்துநாலு ஆகிவிட்டது.

இனி பெட்டி.

போன மாதம் முஸெய்யன் யலோவாவில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்கு, மூட்டுவலிக்கு வெந்நீர் ஊற்றில் குளிக்கப் போயிருந்தாள். அந்த நேரம் பார்த்து ஆர்ட் டிபார்ட்மெண்ட் பெலின் வந்தாள். சின்னப் பெண், கையெல்லாம் பெயிண்ட். "மாமா, கதாநாயகி ஹாலேயோட கல்யாண ரூமுக்கு நிஜமான சீர்ப்பெட்டி ஒண்ணு வேணும். கடையில வாங்கினது எல்லாம் பொய்யா தெரியுது. ஒரே ஷாட்தான்."

ஒரே ஷாட்! இரண்டு முறை செத்த நடிகன் நான். கலைக்கு இல்லை என்று சொல்ல முடியுமா? வால்நட் மரப் பெட்டி, உள்ளே முஸெய்யன் இருபது வருடமாகப் பின்னிய தலையணை உறை, மேஜை விரிப்பு, படுக்கை விரிப்பு, எல்லாவற்றோடும் தூக்கிக் கொடுத்தேன். அந்த அறையை அச்சு அசலாக ஸ்டுடியோவில் கட்டி, கடைசிக் காட்சியில் அதைக் கொளுத்தப் போகிறார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நேற்று வழக்கம்போல அக்கம்பக்கத்தார் எல்லாரும் எங்கள் கூடத்தில். தட்டுத் தட்டாகச் சூரியகாந்தி விதை, டீ. ஹாலேயின் உண்மையான அப்பா யார் என்பதுதான் ஆறு வருடக் கேள்வி. சீசனின் கடைசிப் பகுதியில் சொல்லிவிடுவார்கள் என்று சேனல் ஒரு மாதமாகக் கூவிக்கொண்டிருந்தது. இரண்டரை மணி நேரம் ஓடியது. அத்தைக்காரி வாயைத் திறந்தாள். "ஹாலே, உன் அப்பா..." என்றாள். மேலிருந்து சரவிளக்கு விழுந்தது. திரைச்சீலை பற்றியது. கட்டில் பற்றியது. பெட்டி பற்றியது.

சிகரெட் வந்தால் மங்கலாக்கிக் காட்டும் அதே சேனல், என் மகளின் சீர் எரிவதை ஒரு இழை விடாமல் தெளிவாகக் காட்டியது.

மூடி திறந்து, உள்ளே இருந்த தலையணை உறை சுருண்டு எழுந்தது. ஓரம் முழுக்கக் குருவிகள். எல்லாம் இடப்பக்கம் பார்க்க, ஒன்றே ஒன்று வலப்பக்கம் பார்க்கும். முஸெய்யன் கண்ணசந்த வேளையில் போட்டுவிட்டாள். பிரிக்க மனமில்லாமல் அப்படியே விட்டுவிட்டாள்.

"அந்தக் குருவி என்னோடது" என்றாள் முஸெய்யன்.

அவ்வளவுதான். கத்தவில்லை. திரை கறுத்தது. அப்பா யார் என்று ஒருவரும் சொல்லவில்லை. அக்கம்பக்கத்தார் டைரக்டரைத் திட்டிக்கொண்டே செருப்பு தேடினார்கள். நானும் என் செருப்பைத் தேடினேன். ஆனால் எனக்குப் போக வேறு வீடு இல்லை.

இன்று காலை.

முஸெய்யன் என்னோடு பேசவில்லை, பூனையோடு பேசினாள்.

"பாஷா, இந்த வீட்டுல ஒரு ஆளு இருக்காரு. அவருக்கு டீ மேஜையில இருக்குன்னு சொல்லு. சீனி வேணும்னா அதையும் யாருக்காவது தானமா கொடுத்துட்டாரான்னு பார்க்கச் சொல்லு."

"முஸெய்யன், நான் வேணும்னு செய்..."

"பாஷா, யாரோ பேசற மாதிரி இருக்கு. காத்தா இருக்கும்."

பூனை என்னைப் பார்த்தது. அதற்கும் வருத்தம்தான்.

மாடியில் நாலைந்து ஆட்கள் ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். வழக்கமாக சீசன் முடிந்தால் விளக்குகளைத் துணி போர்த்தி அப்படியே விட்டுவிட்டுப் போவார்கள், செப்டம்பரில் வந்து எடுத்துக்கொள்ள. இந்த முறை எல்லாவற்றையும் இறக்கினார்கள். அட்டைச் சுவரைக் கழற்றினார்கள். ஆறு வருடமாக மூடிக்கிடந்த எங்கள் நிஜச் சுவர் தெரிந்தது. நடுவே ஒரு ஈரத்திட்டு.

"தைஃபுன் வரலையா?" என்றேன்.

"அவரு ஸ்டுடியோவுல இருக்காரு அண்ணே."

"செப்டம்பர்ல?"

"அது சேனல் முடிவு பண்ணணும் அண்ணே." சொன்னவன் என் கண்ணைப் பார்க்காமல் ஒயரையே பார்த்தான்.

கீழே பெர்ரின் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். இன்று மதிப்பெண் அட்டை கொடுத்துவிட்டுப் பிள்ளைகளைக் கோடை விடுமுறைக்கு அனுப்பும் நாள். வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தாள்.

"பெர்ரின், அந்தப் பெட்டி..."

"விடுப்பா. பெட்டிதானே."

"உங்கம்மா இருபது வருஷம்..."

"அதை அம்மாகிட்ட சொல்லு. எனக்கு நேரமாச்சு." என் கன்னத்தில் ஒரு முத்தம் வைத்துவிட்டுப் போனாள். அழவில்லை, முகம் சுளிக்கவில்லை. என்ன பெருந்தன்மை, என் வளர்ப்பு என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். என் முட்டாள்தனத்துக்கு ஞாயிறு விடுமுறைகூடக் கிடையாது.

டீயைக் குடித்துவிட்டு நிமிர்ந்தால், சன்னலோரம் முஸெய்யன் குரோஷா ஊசியோடு உட்கார்ந்திருக்கிறாள். மடியில் வெள்ளை நூல்கண்டு. மூக்கு நுனியில் கண்ணாடி. முதல் சுற்றுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன பின்ற?"

"பாஷா, தலையணை உறைன்னு சொல்லு."

"அத்தனையும் மறுபடியுமா? உன் கண்ணு..."

"பாஷா, நெஸாஹத்துக்கு காலையிலேயே போன் போட்டுட்டேன். தைஃபுனோட அம்மாவுக்கு. ஞாயித்துக்கிழமை பிள்ளையோட வாங்க, தேதி குறிச்சுடலாம்னுட்டேன். பெட்டி எரிஞ்சா கல்யாணம் நின்னுடுமா? இந்த வீட்டுல கல்யாணம் நிக்கறதுக்கு வேற காரணமே வேணாம், சீசன் ஒண்ணே போதும். இப்பதான் அதுவும் எரிஞ்சுபோச்சே. இனிமே எதுக்குக் காத்திருக்கணும்?"

"அதுக்கு அவங்க என்ன சொன்னாங்க?"

முஸெய்யன் பூனையைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. "இன்ஷா அல்லான்னு சொன்னா."

எங்கள் ஊரில் ஆமாம் என்பவளும் இன்ஷா அல்லா என்பாள், இல்லை என்று சொல்ல வாய் வராதவளும் அதையேதான் சொல்வாள். நெஸாஹத் எந்தக் குரலில் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. ஊசி உள்ளே போய் வெளியே வந்தது.

தைஃபுனுக்குப் போன் செய்தேன். மூன்று நாளாக எடுக்காதவன் இன்றும் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்கிவிடுவது என்று கோட்டை மாட்டினேன். பெட்டியைத் தொலைத்தவன் மாப்பிள்ளையையாவது பிடித்து வரவேண்டாமா?

படகுத்துறைக்குப் போகும் வழியில் ரொட்டிக்கடை. கடைக்காரர் எக்ரெம் என்னைக் கண்டதும் கையிலிருந்த மாவைத் தட்டிவிட்டு வெளியே வந்தார்.

"ரிஃப்கி அண்ணே, நில்லு. ஆறு வருஷம்! என் பொண்ணு பொறக்கறதுக்கு முன்னாடி ஆரம்பிச்ச சீரியல். அவ இப்ப பள்ளிக்கூடம் போறா. அப்பன் யாருன்னு சொல்லாமலே வீட்டைக் கொளுத்திட்டாங்களே, இது நியாயமா?"

"அடுத்த சீசன்ல சொல்லுவாங்க."

"யாருகிட்ட சொல்லுவாங்க? எல்லாரும் செத்தாச்சே!"

"புகையில ஒரு நிழல் போச்சே, கவனிச்சியா?"

"அது கேமராக்காரன் நிழல் அண்ணே. என் சம்சாரமே கண்டுபிடிச்சுட்டா."

"அப்புறம் நீ ஏன் பார்க்கற? விட்டுட வேண்டியதுதானே."

எக்ரெம் என்னை ஏதோ தகாத வார்த்தை சொன்னவனைப் போலப் பார்த்தார். "ஆறு வருஷம் பார்த்தாச்சு அண்ணே. இப்ப விட்டா அந்த ஆறு வருஷம் என்ன ஆறது?"

எள்ளு வளைய ரொட்டி இரண்டைக் காகிதத்தில் சுற்றிக் கையில் திணித்தார். காசு வாங்கவில்லை. துக்க வீட்டுக்காரனிடம் வாங்காத மாதிரி.

அக்கரைக்குப் படகு, அங்கிருந்து மினிபஸ், அதிலிருந்து இறங்கி வெயிலில் ஒரு நடை. ஸ்டுடியோ முற்றத்தில் எரிந்த அறையைத் துண்டு துண்டாக லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பெலின் என்னைப் பார்த்ததும் ஒரு தூணுக்குப் பின்னால் போனாள். தூண் ஒல்லி; அவள் இரண்டு பக்கமும் தெரிந்தாள்.

"வாம்மா வெளிய. கடிக்க மாட்டேன்."

"மாமா, நான் டம்மிப் பெட்டிதான் வச்சேன். அது பிளாஸ்டிக் மாதிரி உருகுச்சு. டைரக்டர் கத்தினாரு. நிஜப் பெட்டிய வை, மூடியிருக்கறப்பவே கட் சொல்லிடறேன்னாரு. சொல்லவே இல்ல மாமா. நல்லா எரியுது, நல்லா எரியுதுன்னு கத்திக்கிட்டே இருந்தாரு." அவள் அழுதாள். நான் எள்ளு வளையத்தில் ஒன்றைக் கொடுத்தேன். அழுதுகொண்டே தின்றாள்.

தைஃபுன் லாரிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தான். தாடி வளர்ந்து, கண் உள்ளே போய், மூன்று நாள் தூங்காதவன் போல. ஒரு கணம் ஓடிவிடலாமா என்று யோசித்தது முகத்தில் தெரிந்தது. பிறகு வந்து என் கையை முத்தமிட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டான். நல்ல பையன். அதுதான் சிக்கலே.

"இந்த வெயில்ல ஏன் மாமா வந்தீங்க? ஏறுங்க, படகுத்துறையில விட்டுடறேன்."

கார் கிளம்பியது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் என் வலது கால் தானாகப் பிரேக்கைத் தேடும். டிரைவிங் ஸ்கூல் காரில் எனக்கென்று தனிப் பிரேக் இருந்தது. எத்தனையோ பிள்ளைகளைச் சுவரில் மோதாமல் நிறுத்தியிருக்கிறேன். மற்றவர்கள் காரில் அப்படி ஒன்று இல்லை என்பது என் காலுக்கு இன்னும் புரியவில்லை.

"பெட்டி விஷயம் எனக்கு ராத்திரிதான் தெரியும் மாமா. சத்தியமா."

"பெட்டி கிடக்கட்டும். லைட்டெல்லாம் இறக்கறாங்க, மேல."

"ஆமா."

"அடுத்த சீசன்?"

"கதையில வீடு எரிஞ்சுபோச்சு இல்லையா. நாட்டோட அந்தக் கோடியில, மார்தின் பக்கம் ஒரு கல்வீடு பார்த்திருக்காங்க. சேனல் இன்னும் முடிவா சொல்லல."

"ஹாலே உயிரோட இருக்காளா?"

"அது அவ கேக்கற சம்பளத்தைப் பொறுத்தது மாமா." சிரிக்கப் பார்த்தான். வரவில்லை.

சிக்னலில் வண்டி நின்றது. நானும் என் காலைத் தளர்த்தினேன்.

"ஞாயித்துக்கிழமை உங்கம்மாவை வரச் சொல்லியிருக்கா முஸெய்யன். தேதி குறிக்க. நீ வர்றியா?"

"பார்க்கலாம் மாமா."

"தைஃபுன், நான் டிரைவிங் ஸ்கூல்காரன். இடமா வலமான்னு கேட்டா பார்க்கலாம்னு சொன்ன ஒருத்தனையும் நான் பாஸ் போட்டதில்ல."

பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். பச்சை விழுந்திருந்தது. தைஃபுன் கவனிக்கவில்லை.

"வேலை என்ன ஆகும்னு தெரியல மாமா. மார்தின் போக வேண்டியிருக்கும். செப்டம்பர் வரைக்கும் ஒண்ணும் சொல்ல முடியாது."

"மார்தின்லயும் கணக்குப் பாடம் இருக்கும். பெர்ரின் மாத்தல் வாங்கிக்கிட்டு வருவா."

அவன் ஸ்டீயரிங்கைப் பிடித்த கையைப் பார்த்தேன். மோதிரம் இருந்தது. ஜெனரேட்டர் கறை படிந்த விரலில், நிச்சயத்தன்று நாங்கள் போட்ட அதே வெள்ளி மோதிரம். எனக்கு அது போதுமாக இருந்தது. கழற்றாமல் வைத்திருக்கிறானே, பிள்ளைக்குக் கூச்சம், வேலைக் கவலை, வேறொன்றுமில்லை என்று மனசு அடுத்த பகுதிக்கான கதையை எழுதிவிட்டது.

படகுத்துறையில் இறக்கிவிட்டபோது, சன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டான்.

"மாமா, நீங்க பெர்ரின்கிட்டயே கேட்டுடுங்க."

"என்னன்னு கேக்க?"

"கேளுங்க மாமா." கார் போய்விட்டது.

சாயங்காலம் செங்கெல்கோயில் இறங்கினால், துறையோரத்துப் பெரிய மரத்தடி டீக்கடையில் பெர்ரின் உட்கார்ந்திருந்தாள். மேஜை முழுக்கப் பிள்ளைகள் கொடுத்த பூக்கள், ஒரு மக், 'உலகின் சிறந்த டீச்சர்' என்று எழுதிய ஒரு சாவிக்கொத்து. எதிரில் ஏற்கெனவே எனக்கு ஒரு டீ வாங்கி வைத்திருந்தாள்.

"நான் இந்தப் படகுலதான் வருவேன்னு எப்படித் தெரியும்?"

"மாமாவை ஏத்திவிட்டுட்டேன், வெயில்ல வந்திருக்காரு, பார்த்துக்கோன்னு தைஃபுன் போன்ல சொன்னான்."

"பார்த்தியா! அக்கறை இருக்கு."

"இருக்குப்பா. அவனுக்கு எல்லாத்து மேலயும் அக்கறை. ஜெனரேட்டர் மேலயும்."

டீயை உறிஞ்சினேன். கடலைப் பார்த்தேன். பிள்ளைகள் எப்படிப் படித்திருக்கிறார்கள் என்று கேட்டேன். எல்லாரும் பாஸ் என்றாள். எக்ரெம் கொடுத்த மிச்ச எள்ளு வளையத்தைப் பாதி பிய்த்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். மார்தினில் வெயில் அதிகமாமே என்றேன்.

"அப்பா, வண்டிய ரிவர்ஸ்ல எடுத்துக்கிட்டே இருக்காத. கேக்க வந்ததைக் கேளு."

"மோதிரம் போட்டிருக்கான்."

"நான்தான் போட்டுக்கச் சொன்னேன்."

"என்னது?"

பெர்ரின் பூக்கட்டிலிருந்து ஒரு காகிதப் பட்டையை அவிழ்த்து விரலில் சுற்றினாள். "மூணாவது சீசன் முடிஞ்ச அன்னிக்கே சொல்லிட்டான்பா. நம்ம மாடியில நின்னு. உன் மேல மரியாதை இருக்கு பெர்ரின், ஆனா அந்த மாதிரி ஒண்ணும் வரல, வரும்னு நினைச்சேன், வரல, உன்னை ஏமாத்த முடியலன்னான். அழுதான்கூட. நான்தான் டிஷ்யூ கொடுத்தேன்."

"மூணாவதா? இப்ப ஆறும்மா!"

"கணக்கு டீச்சர்கிட்ட சொல்ற."

என் தலைக்குள் மூன்று வருடம் பின்னோக்கி ஓடியது. பெருநாள் விருந்துகள். நெஸாஹத் கொண்டுவந்த பட்டுத்துணி. முஸெய்யன் அவனுக்கென்று எடுத்து வைத்த பொரியல் துண்டுகள்.

"போன பக்ரீத்துக்கு மாப்பிள்ளை வீட்டு முறைன்னு கிடா அனுப்பினாங்களே! மருதாணி வச்சு, கழுத்துல மணி கட்டி!"

"செட்டுல நடிச்ச கிடாப்பா அது. ஷூட்டிங் முடிஞ்சு மிஞ்சிச்சு."

நான் அந்தக் கிடாவோடு நின்று போட்டோ எடுத்து, ஊரெல்லாம் காட்டியிருந்தேன். சக நடிகன் என்று தெரியாமல் போய்விட்டது.

"அப்ப நெஸாஹத்துக்குத் தெரியுமா?"

"போன வாரம்தான் சொன்னானாம். அவங்களுக்கு நம்ம அம்மாகிட்ட சொல்ல வாய் வரலையாம். ஞாயித்துக்கிழமை வருவாங்களா மாட்டாங்களான்னு எனக்கே தெரியாது."

அப்போது என் போன் அடித்தது. முஸெய்யன். நேற்று ராத்திரிக்குப் பிறகு என்னிடம் நேராகப் பேசும் முதல் வார்த்தை.

"என்னங்க, எங்க இருக்கீங்க? வெள்ளை நூல் தீர்ந்துபோச்சு. வரும்போது ரெண்டு கண்டு வாங்கிட்டு வாங்க. மெல்லிசு. முதல் குருவி வந்துடுச்சு, நல்லா வந்திருக்கு. அவன் என்ன சொன்னான்?"

பெர்ரின் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நூல் வாங்கி வருகிறேன் என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தேன். அவன் மூன்று வருடம் செய்ததை நான் அரை நிமிஷத்தில் செய்துவிட்டேன். அவ்வளவு சுலபமாக வந்தது.

"கோபம் வருதாப்பா?"

"அவன் மேலயா? அவன்தான் உண்மையைச் சொல்லிட்டானே. கோபப்படறதுக்கு ஒரு அயோக்கியன்கூட இல்லாத குடும்பம் நம்மளது."

அவள் சிரித்தாள். சிரித்துவிட்டுக் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். படகு ஒன்று துறையை விட்டுக் கிளம்பியது. பட்டையை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

"யாருகிட்டயும் சொல்ல வேணாம்னு அவன் கேட்டுக்கிட்டானா?"

"இல்ல. நான் கேட்டுக்கிட்டேன். அவன் சொல்லிடலாம் சொல்லிடலாம்னுதான் இருந்தான். ஒவ்வொரு சீசன் முடிவுலயும் கேப்பான். அடுத்ததுல பார்த்துக்கலாம்னு நான்தான் தள்ளிப்போட்டேன்."

"எங்களுக்காகவா? அம்மா தாங்க மாட்டான்னா?"

"அப்படின்னு சொல்லிக்கலாம். கேக்க நல்லா இருக்கும்."

"உனக்குப் பேர் கெட்டுடும்னா?"

"முப்பத்துநாலு வயசுல என்னப்பா பேரு."

என் காரணங்கள் தீர்ந்துபோயின. ஜோக்கும் தீர்ந்துபோனது, அது எனக்குப் புது அனுபவம். டீ ஆறி, கிளாஸின் அடியில் ஒரு மடக்கு நின்றது. டீக்கடைப் பையன் வந்து எடுக்கப் பார்த்தான். பெர்ரின் தலையசைத்து அனுப்பிவிட்டாள்.

"அவன் வேணாம்னு சொன்னப்புறம், அந்த மோதிரத்தை மாட்டிக்கிட்டு, சிரிச்சுக்கிட்டு, மூணு வருஷம். ஏம்மா? எனக்கு நேராச் சொல்லு. நான் சிரிக்க மாட்டேன்."

அவள் மேட்டுப் பக்கம் பார்த்தாள். மரங்களுக்கு மேலே எங்கள் வீட்டின் கூரை தெரிந்தது. மாடிச் சன்னலில் விளக்கில்லை.

"ஊருக்குத் தெரிஞ்சா அவனுக்கு நம்ம வீட்டுக்கு வர வெக்கமாயிடும். வேற ஆளைப் போட்டுட்டு ஸ்டுடியோவுலயே இருந்துடுவான். தெரியாத வரைக்கும் தினம் காலையில கேட்டைத் திறந்துக்கிட்டு அவன்தான் வருவான். வந்தான்லப்பா."